லேத் பக்கத்தில் முந்தானை எதற்கு? உயர்கல்வித் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தனியார் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் ஆசிரியைகளுக்குச் சேலையும் அதன்மேல் ஓவர்கோட்டும் கட்டாயம் என்பது தங்களுக்குப் புதுச் செய்தி அல்ல. சென்ற வாரம் எங்கள் கல்லூரியில் சுடிதாரில் வந்த சக ஆசிரியையை வாசலிலேயே நிறுத்திவைத்தார்கள். அரை நாள் சம்பளம் பிடித்தம், கூடவே விளக்கம் கேட்டு ஒரு மெமோ. அன்று காலை அவருக்கு ஒர்க்‌ஷாப் வகுப்பு. சுடிதார் போட்டு வந்ததே அதற்காகத்தான்.

நானும் மெக்கானிக்கல் துறைதான். எங்கள் ஒர்க்‌ஷாப் சுவரில் ஒரு போர்டு தொங்குகிறது: தொளதொள உடை, துப்பட்டா, வளையல் கூடாது; தலைமுடியை முடிந்துகொள்ளவும். காக்கிச் சட்டையும் ஷூவும் இல்லாமல் வரும் பிள்ளையை நான்தான் வெளியே அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டு, சேலையை இடுப்பில் இழுத்துச் செருகி, முந்தானையைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு லேத்துக்கு, அதாவது கடைசல் இயந்திரத்துக்குப் போவேன். இரும்புத் துண்டைப் பிடித்திருக்கும் சக் சுழலும்போது, வெட்டும் டூலின் முனை அந்தத் துண்டைத் தொடும் இடத்தைக் குனிந்து காட்டினால்தான் மாணவர்களுக்குப் புரியும். குனிந்தால் திணித்த முந்தானை வெளியே வரும். கோட்டின் முழுக்கை தொங்கும். ஒரு கையால் காட்டிக்கொண்டே மறுகையால் அதைப் பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டேன். மேலே தகரக் கூரை. ஏப்ரல் மாதத்தில் கோட்டின் முதுகில் உப்புப் பூத்துவிடும். பக்கத்து லேத்தில் பாடம் எடுக்கும் ஆண் ஆசிரியருக்கு அரைக்கைச் சட்டை போதும்.

ஓடும் இயந்திரத்துக்கு எண்ணெய் போடப் போகிறவர் உடம்போடு ஒட்டிய உடை அணிய வேண்டும், அந்த உடையை நிர்வாகமே தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எழுதிவைத்தது. கல்லூரி தொழிற்சாலை இல்லைதான். லேத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எங்கள் கோட்டுக்குத் துணியும் தையல் கூலியும் எங்கள் கைக்காசு. கோட் எதற்கு என்று கேட்டால், மாணவர்களின் கவனம் சிதறுமாம்.

தலைமைச் செயலக ஊழியர்களுக்கு 2019-இல் அரசு போட்ட உடை ஆணையிலேயே பெண்களுக்குச் சேலையோடு சல்வார் கமீஸும் துப்பட்டாவுடன் சுடிதாரும் அனுமதி. ஆசிரியைகளைச் சேலை கட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று கேரள உயர்கல்வித் துறை 2021-இல் சொல்லிவிட்டது. நாங்கள் கேட்பதும் அவ்வளவுதான்: சேலையையும் ஓவர்கோட்டையும் பெண்களுக்கு மட்டும் கட்டாயமாக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை.

கோர்ட்டுக்குப் போகலாமே என்பார்கள். அரசமைப்பின் 14, 15, 16 பிரிவுகளைக் காட்டி அரசைக் கேள்வி கேட்கலாம். தனியார் நிர்வாகம் அந்தக் கொக்கியில் எளிதில் மாட்டாது. 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு பாலினப் பாகுபாடு கூடாது என்கிறது, ஆனால் உடைக்கென்று அதில் ஒரு வரியும் இல்லை. உடைக்காகச் சட்டம் போட முடியாதா என்றால், நம் மாநிலத்திலேயே போட்டிருக்கிறார்கள். 2014 ஜூலையில் வேட்டி கட்டிவந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. ஆகஸ்டில் சட்டமன்றத்தில் சட்டமே நிறைவேறியது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். வேட்டிக்காக வந்த அந்த ரோஷத்தில் வீசம் பங்கு சுடிதாருக்கு வந்தால்கூடப் போதும். என்ன செய்வது, எங்களை மறிக்கும் வாசலில் நீதிபதிகள் யாரும் நிற்பதில்லை.

பெயர் போடாமல் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் எம்.இ. பட்டம் வரை என் அசல் சான்றிதழ்கள் நிர்வாகத்தின் பீரோவில் இருக்கின்றன. காகிதத்தில் ஒரு சம்பளம், கையில் ஒரு சம்பளம் என்பது வேறு கதை. அதையெல்லாம் எழுத உட்கார்ந்தால் இந்த மடல் முடியாது, தங்கள் பொறுமையைச் சோதிக்கவும் விரும்பவில்லை.

பல்கலைக்கழக இணைப்பு ஆய்வுக்கு வரும் குழுவினர் லேத் எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறார்கள். அதன் பக்கத்தில் நிற்பவர் எதை உடுத்தி நிற்கிறார் என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த பருவம் தொடங்கும் முன், சேலையும் ஓவர்கோட்டும் பெண்களுக்கு மட்டும் கட்டாயம் அல்ல என்ற சுற்றறிக்கையைத் தனியார் கல்லூரிகளுக்கும் சேர்த்து அனுப்பும்படியும், இதற்காகக் கொடுத்த மெமோக்களைத் திரும்பப் பெறச் சொல்லும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உதவிப் பேராசிரியை, மெக்கானிக்கல் துறை,
தென்மாவட்டத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்று