தனாக்காவில் விழுந்த கோடு

ரங்கூன்

அன்பு மகனுக்கு,

நாலு வாரமாக வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் சிக்னல் இல்லை என்றேனே, அது பொய். என் வலது பக்க முகம் விழுந்திருந்தது. நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று மறைத்தேன்.

அன்று காலை மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிடும்போது சாறு வாயோரம் வழிந்தது. அப்புறம் தனாக்கா மரப்பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசினேன். காய்ந்ததும் இடது கன்னத்தில் எப்போதும்போல் வெடிப்பு. வலது கன்னம் அசையாததால் பூசியது பூசியபடி இருந்தது. சிரித்துப் பார்த்தேன், ஒரு பக்கம்தான் சிரித்தது. வலது கண்ணும் மூடவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா பக்கவாதம் என்று அழுதேவிட்டார். அப்பா உடனே டாக்டரிடம் கூட்டிப்போனார். கை, கால், பேச்சு எல்லாம் சோதித்தவர், புருவத்தைத் தூக்கச் சொன்னார். வலது நெற்றி அசையவில்லை. நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கமிருந்தும் கட்டளை வருவதால், பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்குமாம். எனக்குக் கெட்டது முக நரம்பு. ஸ்காட்லாந்து மருத்துவர் சார்லஸ் பெல் 1821-இல் இந்த நரம்பைப் பற்றி எழுதியதால், நோய்க்கு பெல்ஸ் பால்சி என்று பெயர்.

மூளையிலிருந்து புறப்படும் ஏழாவது நரம்பு அது. காதுப்பக்கத்து எலும்புக்குள் குறுகலான வழியில் வருகிறது. நரம்பு வீங்கினாலும் எலும்பு விரியாதே, அங்கேயே நெரிபடுகிறது. வெளியே வந்தபின் ஐந்து கிளையாகப் பிரிந்து நெற்றி, கண், கன்னம், தாடை, கழுத்து என்று போகிறது. மெல்லுவதற்கு வேறு நரம்பு, அதனால் மெல்ல முடிந்தது. ஆனால் கன்னத்தசை தள்ளாததால் சோறு பல்லுக்கு வெளியே தங்கிவிடும், விரலால்தான் எடுப்பேன். நாக்கின் முன்பக்கத்தில் ஒரு பாதிக்கு உப்பும் புளிப்பும் தெரியவில்லை, அதுவும் இந்த நரம்பு கொண்டுபோவதுதான். கோயில் மணி வலது காதில் இடியாக விழுந்தது. சத்தத்தை அடக்கும் குட்டித் தசை ஒன்று காதுக்குள் இருக்கிறதாம், அதற்கும் இதுவே எஜமான்.

ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால் நல்லது என்றார்கள், நாங்கள் அன்றே போனோம். கண் உலர்ந்தால் கருவிழி புண்ணாகிவிடும். அதனால் ராத்திரி தோறும் அப்பா களிம்பு போட்டு, இமையை விரலால் இறக்கி, பிளாஸ்திரி ஒட்டிவிட்டுத்தான் படுப்பார். அவர் கை அவ்வளவு மெதுவாக இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது.

நேற்று தனாக்கா காய்ந்தபோது வலது கன்னத்தில் மெல்லிய கோடு ஒன்று விழுந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவிலேயே கூப்பிடு. இன்னும் கொஞ்சம் கோணல்தான், பயந்துவிடாதே.

அம்மா