எந்தச் செடி என்று சொல்லவில்லையே?

ஆசிரியருக்கு வணக்கம்.

மரம் வெட்டி வெறுமையாகிப்போன காட்டு நிலங்களில் பல்லாண்டுப் பயறு வகைச் செடிகளை மூடுபயிராக, அதாவது மண்ணை மூடிக் காக்கும் பயிராக, விதைக்கலாம் என்று உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. யோசனை நல்லதுதான். ஆனால் விதைத்துவிட்டால் போதும், மண் தானே தேறிவிடும் என்று முடித்திருக்கிறார்களே, அங்கேதான் இடிக்கிறது.

பயனில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓராண்டுப் பயிரென்றால் திரும்பத் திரும்ப விதைக்க வேண்டும், காட்டில் அதெல்லாம் நடக்கிற காரியமா? பல்லாண்டுச் செடி ஒருமுறை பிடித்துக்கொண்டால் இலை மழையின் அடியைத் தாங்கும், சருகு உதிர்ந்து மட்கும், வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். சந்தேகமிருந்தால் ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, வெளுத்துக் கிடந்தால் செடி சும்மா நிற்கிறது என்று அர்த்தம். மண்ணில் புளிப்பு மிஞ்சியிருக்கலாம், பாஸ்பரஸ் சத்தோ மாலிப்டினம் சத்தோ போதாமல் இருக்கலாம், அந்தச் செடிக்கு ஏற்ற ரைசோபியமே அங்கே இல்லாமலும் இருக்கலாம். மண் பரிசோதனை பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

சரி, நன்றாகவே பிடித்துக்கொண்டது என்று வையுங்கள். அப்புறம்தான் வம்பே. இதே பயறு வகையைச் சேர்ந்த குட்ஸு என்ற பல்லாண்டுக் கொடி 1876-இல் பிலடெல்பியா கண்காட்சி வழியாக அமெரிக்காவுக்குப் போனது. மண்ணரிப்பைத் தடுக்கும் என்று 1930-களில் அரசாங்கமே நடச் சொன்னது. அது மரங்களின் மேல் ஏறிப் படர்ந்து வெளிச்சத்தை மறைத்து அவற்றைச் சாகடிக்க, 1953-இல் பரிந்துரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஐஸ்லாந்தில் 1945-இல் அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்த லூபினும் பயறு வகைதான், ஆனால் கொடியே இல்லாத குத்துச்செடி; அது வெற்று நிலத்தை நன்றாகவே மூடியது, ஆனால் அதோடு நிற்காமல் அந்நாட்டின் சின்னஞ்சிறு தாவரங்கள் வளரும் இடங்களையும் பிடித்துக்கொண்டுவிட்டது. மண் தேறியதற்காகப் பாராட்டுவதா, பரவியதற்காகத் திட்டுவதா என்று அங்கே இன்னும் சண்டை.

அதனால் என் கட்சி இதுதான்: மட்கும் சருகும் ஏற்கெனவே இருக்கிற காட்டில் இதைத் தொடவே கூடாது, மண் செத்துப்போன இடத்தில் மட்டும் போடலாம். அதிலும் அங்கே நடும் மரக்கன்றுகள் வளர்ந்து நிழல் கட்டியதும் தானாக மடிந்துபோகிற, வெயில் தேவைப்படும் உள்ளூர் இனமாகப் பார்த்துப் போட வேண்டும். கொடி இனமென்றால் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் வட்டமாக வெட்டிவிட ஆள் வேண்டும், அதுவும் ஒரு தடவையோடு முடியாது.

எந்தச் செடி என்று கட்டுரையில் ஒரு பெயர்கூட இல்லை. அடுத்த முறை அதையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்