கொட்டேஷனில் முழுப் பெயரையும் எழுதுங்கள்

நீலகிரியிலும் மேட்டுப்பாளையம், கோவையிலும் கணினி அசெம்பிள் செய்து கொடுக்கும் கடைக்கார அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லைன் வீட்டிலிருந்து இதை எழுதுகிறேன். 1964-ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. தாத்தா, பாட்டி, அம்மா எல்லோரும் கொழுந்து பறித்தவர்கள். நான் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறேன். எங்கள் லைனிலும் சுற்றியுள்ள ஹட்டிகளிலும் (படுகர் ஊர்களிலும்) யாராவது பிள்ளைக்குக் கணினி வாங்கப் போனால், கடையில் கொடுத்த கொட்டேஷனைப் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்புவார்கள். "இது சரியா இருக்கா, பார்த்துச் சொல்லுப்பா" என்பார்கள். பெரும்பாலும் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. பார்த்துச் சொல்வதற்கு அந்தத் தாளில் ஒன்றும் இருக்காது.

"ஐ7, 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ், கேமிங் கேபினட், மொத்தம் இவ்வளவு." இவ்வளவுதான் எழுதியிருக்கும். இந்த ஒற்றை வரியை விட்டுவிட்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனி பெயர், மாடல் எண், வாரண்டி எத்தனை வருடம் என்று தனித்தனி வரியாக எழுதிக் கொடுங்கள். நான் உங்களிடம் கேட்பது அதைத்தான்.

இப்படி ஒரு வரியை நம்பித்தான் 2021-இல் என் முதல் கணினியை வாங்கினேன். அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த 45,000 ரூபாய். முதல் பஸ்ஸில் கீழே இறங்கினோம். கடையில் இருந்தவர், "என்ன தம்பி பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். "கேம் விளையாடணும்ணா, வீடியோ எடிட்டிங்கும் பழகணும்" என்றேன். "அப்போ ஐ7 போட்டுரலாம், எல்லாமே ஓடும்" என்றார். அம்மாவுக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. எனக்கும்தான். கலர் கலராக லைட் எரியும் அந்தக் கேபினட்டை மடியில் வைத்துக்கொண்டு மலையேறி வந்தோம்.

உள்ளே இருந்தது ஐ7-2600 பிராசசர், அதாவது கணினியின் மூளை. இன்டெல் அதை வெளியிட்டது 2011 ஜனவரியில். நான் வாங்கும்போதே அதற்குப் பத்து வயது. கிராபிக்ஸ் கார்டு ஜிடி 730, 2014-இல் வந்தது. அதன் மெமரி 4 ஜிபி என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் கூடை பெரிதாக இருந்தால் மட்டும் கொழுந்து கூடுதலாக விழுமா? பறிக்கிற கையில் அல்லவா இருக்கிறது வேகம்!

போனில் எடுத்த வீடியோவை எடிட்டிங்கில் போட்டேன். படம் நகரவே இல்லை. காரணம் புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. இப்போதைய போன்களும் கேமராக்களும் எச்.265 என்ற முறையில் வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்கின்றன. அதை வேகமாக விரித்துக் காட்டுவதற்கு கிராபிக்ஸ் சிப்பில் தனியாக ஒரு பகுதி வேண்டும். ஐ7-2600-இல் அது கிடையாது, ஜிடி 730-இலும் கிடையாது. மொத்தப் பாரமும் அந்தப் பழைய பிராசசரின் நான்கு கோர்கள் மேல் விழுந்தது. அன்றைக்கு அந்தக் கொட்டேஷனில் '2600' என்ற நான்கு எண்கள் இருந்திருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்பு வாசலில் நின்றே போனில் தேடிப் பார்த்திருப்பேன்.

அந்த மாதிரிப் பழைய ஐ7 இன்னும் விற்பனையில் இருக்கிறது. பழைய பொருளை விற்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. பழசு என்று சொல்லி, பழசின் விலைக்குக் கொடுத்தால் பள்ளிக்கூட வேலைக்கும் கடைக்கணக்குக்கும் அது தாராளம். ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏறும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுத்தாலும், விண்டோஸ் 11-இல் வேலோரன்ட் கேம் விளையாட டிபிஎம் 2.0-உம் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பும் கட்டாயம். பையன் ஆசையாக வீட்டுக்குக் கொண்டுபோய், கேமை இன்ஸ்டால் செய்து, அது திறக்காதபோது அவன் முகத்தை நீங்கள் பார்ப்பதில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

முழுப் பெயர் என்று நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்தத் தொழிலில் ஒரே ஓர் எழுத்து பொருளை மாற்றிவிடும் என்பதுதான். ஐ5-12400-க்கும் ஐ5-12400எஃப்-க்கும் வித்தியாசம் கடைசி எழுத்து. எஃப் வந்தால் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போட்டு விளையாட மட்டும் செய்பவருக்கு அதனால் நஷ்டமில்லை, கொஞ்சம் பணம் மிச்சம். என்னைப் போல 4:2:2 10 பிட் எச்.265 வீடியோ (நிற விவரம் கூடுதலாகப் பதிவாகும் வகை) வெட்டுகிறவருக்கு அந்த எழுத்து இல்லாததுதான் வேண்டும். அந்த வகை வீடியோவை இன்டெல்லின் உள் கிராபிக்ஸ் சுலபமாக விரித்துவிடும். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகளுக்கு அது வராது. ஜிடி 1030-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது, அடுத்த வருடம் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு ஒன்று வந்தது. இரண்டாவது முதலாவதைவிட ரொம்ப மெதுவானது. ஆர்டிஎக்ஸ் 3050-இலும் 8 ஜிபிக்கும் 6 ஜிபிக்கும் வித்தியாசம் மெமரியோடு நிற்பதில்லை. சிறியதில் கோர்களும் குறைவு. இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வாங்க வருகிறவருக்குத் தெரியாது. அவர் கையில் இருக்கும் தாளிலாவது தெரியட்டும்.

அப்புறம், பெயர் எழுதுவதற்கு முன்னால் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். என்ன கேம்? என்ன மென்பொருள்? வேலோரன்ட் மட்டும்தான் என்றால் நல்ல ஆறு கோர் பிராசசரும் சாதாரண கார்டும் போதும், மிச்சப் பணத்தை 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் போடலாம். பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் பழகுகிறவர் கதை வேறு. அதிலுள்ள சைக்கிள்ஸில் ரெண்டர் போடும்போது, அதாவது காட்சியைப் படமாக்கும்போது, காட்சி முழுவதும் கார்டின் மெமரிக்குள் அடங்க வேண்டும். பத்தாவிட்டால் நின்றுவிடும், அல்லது ஊர்ந்து போகும். விளையாட்டுக்கு 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி வேகமானது. கனமான காட்சிகளுக்கோ 2021-இல் வந்த 3060 12 ஜிபியே கைகொடுக்கும். புதுசு எப்போதும் நல்லது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். படம் வரைகிற, போட்டோ திருத்துகிற பிள்ளை என்றால் மானிட்டர் ஐபிஎஸ் பேனலா என்று பார்த்துக் கொடுங்கள். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை அவர்களுக்கு கார்டைவிட முக்கியம்.

ரேமில் 16 ஜிபி ஒற்றைக் குச்சியாகப் போடாமல் 8, 8 என்று இரண்டாகப் போடுங்கள். இரண்டு சேனலும் சேர்ந்து ஓடினால் வேகம் கூடும் என்பது உங்களுக்கே தெரியும். மதர்போர்டு வரியில் சாக்கெட்டையும், அதாவது பிராசசர் பொருந்தும் இடத்தின் வகையையும் எழுதுங்கள். எங்கள் வீடுகளில் ஒரே தடவையில் எல்லாம் வாங்க முடியாது. போனஸ் வந்தால் ஒரு பாகம், சீட்டு விழுந்தால் இன்னொரு பாகம். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டை 2017-இல் வாங்கியவர்கள் பலர் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து ரைசன் 5000 வரிசை பிராசசர் வரைக்கும் மாற்றிக்கொண்டார்கள். 2022-இல் வந்த ஏஎம்5-க்கும் அப்படி நீண்ட ஆயுள் இருக்கிறது. எந்தப் போர்டில் நாளைக்கு என்ன ஏற்றலாம் என்பதை அறிந்து வாங்கினால் அம்மாக்களின் பணம் வீணாகாது.

இனி எஸ்எம்பிஎஸ், அதாவது பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி. மலைக்காரர்களுக்கு இதுதான் உயிர்நாடி, கொட்டேஷனில் பெயரே இல்லாமல் வருவதும் இதுதான். எங்கள் ஊரில் ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப் போய் வரும். மரக்கிளை கம்பியில் விழும், வோல்டேஜ் இறங்கும், திடீரென்று ஏறும். என் முதல் கணினி அப்படி ஒரு ராத்திரியில்தான் போனது. எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் இழுத்துக்கொண்டு போனது. மேலே 450 வாட்ஸ் என்று பெரிதாக ஒட்டியிருந்தது. ஓரத்து அட்டவணையைப் பிறகுதான் படித்தேன். 12 வோல்ட் வரியில் 16 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 192 வாட். பிராசசரும் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தானே! கம்பெனி பெயரும் மாடலும் எழுதினால் 12 வோல்ட்டில் உண்மையில் எவ்வளவு வரும் என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

யுபிஎஸ்ஸும் அப்படித்தான். 600 விஏ என்றால் 600 வாட் என்று எங்கள் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். பொதுவாகக் கிடைப்பது 360 வாட் அளவுதான். 170 வாட் குடிக்கும் 3060 கார்டும் பிராசசரும் மானிட்டரும் சேர்ந்து முழு வேகத்தில் ஓடும்போது அது திணறலாம். 1000 விஏ சொல்லுங்கள். காசு பத்தவில்லை என்றால் பிராசசரைக் குளிர்விக்கும் தண்ணீர்க் கூலரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

கீழே கோவையில் சித்திரை வெயிலுக்கு அந்தக் கூலர் தேவைப்படலாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், குன்னூர் சுமார் 1,850. ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் ஃபேன் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். ஆனால் அறையின் குளிர் அதை ஈடுகட்டிவிடும். 65 வாட் பிராசசருக்கு டப்பாவோடு வரும் கூலரே எங்களுக்குப் போதும். உயரத்தைப் பற்றி நீங்கள் பார்க்க வேண்டியது வேறு ஒன்று. சில எஸ்எம்பிஎஸ், அடாப்டர் லேபிள்களில் மலை போன்ற சின்னமும் 2000 மீட்டர் என்ற எண்ணும் இருக்கும். 2000 மீட்டருக்குக் கீழே பயன்படுத்தத்தான் அது சோதிக்கப்பட்டது என்று அர்த்தம். மெல்லிய காற்றில் மின்சாரம் தாவாமல் தடுக்க இடைவெளி கூடுதலாக வேண்டும். ஊட்டிக்குப் போகும் பொருளில் அந்தச் சின்னம் இருந்தால் வேறு மாடல் எடுத்துக் கொடுங்கள்.

ஈரமும் எங்களுக்கு உண்டு. கூடலூர், தேவாலா பக்கம் ஆனி, ஆடியில் மழை விடாது. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை. மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மூடி வைக்காமல் தினம் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள், அந்தச் சூடே உள்ளே காய வைக்கும் என்று வாங்குகிறவரிடம் சொல்லி அனுப்புங்கள். இடி இடித்தால் பிளக்கோடு நெட் கேபிளையும் உருவச் சொல்லுங்கள். கேபிள் வழியாக வந்த மின்னலில் மதர்போர்டை இழந்தவர்கள் எங்கள் பக்கம் உண்டு.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். முழுப் பெயர் எழுதிக் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு ஆன்லைனில் விலை பார்த்து அங்கேயே வாங்கிவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்கிச் சொன்னது வீணாகிறது. லாபம் சொற்பம், அதில் கடை வாடகை வேறு. அதற்கு ஒரு வழி சொல்கிறேன். அசெம்பிளி கூலியையும் ஆலோசனைக் கூலியையும் தனி வரியாகப் போடுங்கள். பாகங்களின் விலைக்குள் ஒளித்து வைக்க வேண்டாம். கேபிள் கட்டி, பயாஸ் பார்த்து, விண்டோஸ் ஏற்றி, ஓட்டிக் காட்டுவது வேலைதானே? கூலி கேட்பதில் என்ன கூச்சம்? கோத்தகிரிக்காரர் ஒருவர் வாரண்டிக்காக ஒரு ரேமை எடுத்துக்கொண்டு கோவைக்குப் போய் வந்தால் ஒரு நாள் சம்பளம் போகிறது. கொடைக்கானலில் இருக்கும் என் நண்பர் அதற்கே திண்டுக்கல்லோ மதுரையோ போகிறார். "பொருளைக் கொடுத்துட்டுப் போங்க, நாங்க அனுப்பி வாங்கித் தர்றோம்" என்று சொல்லும் கடைக்கு எங்கள் மக்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள். பில்லில் சீரியல் நம்பரும் இருந்தால் அந்த வேலை உங்களுக்கும் சுலபம்.

எங்கள் லைனில் ஒரு பெண் இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். போனிலேயே படம் வரைந்து அசைய வைப்பவள். பிளெண்டர் கற்க வேண்டும், தம்பியோடு சேர்ந்து விளையாடவும் வேண்டும் என்கிறாள். அவளும் அம்மாவும் அடுத்த சனிக்கிழமை கீழே இறங்குகிறார்கள். உங்களில் யார் கடைக்கு வருவார்கள் என்று தெரியாது. அவள் கையில் ஒரு தாள் இருக்கும். பிராசசர், போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் எல்லாம் அவளே படித்துத் தேர்ந்தெடுத்து, அவள் கையெழுத்திலேயே எழுதியது. கிராபிக்ஸ் கார்டுக்கு எதிரே மட்டும் இடம் காலியாக விட்டிருக்கிறாள், கையில் இருக்கும் காசுக்கு எது நல்லது என்று கடையில் கேட்டு எழுதிக்கொள்ள. அவளை உட்கார வைத்துப் பேசுங்கள். அந்தக் காலி இடத்தில் மாடலை முழுசாக எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து ஒரு வாடிக்கையாளன்