ஆர்னோவா மாநாட்டுக்கு முதல்முறை செல்பவர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

நம் குழுவில் சிலர் இந்த நவம்பரில் முதன்முறையாக ஆர்னோவா மாநாட்டுக்குப் போகிறீர்கள். கொடை, தன்னார்வப் பணி, லாப நோக்கற்ற நிறுவனங்கள் பற்றி ஆராய்பவர்களுக்காக 1971-இல் தொடங்கிய அமைப்பு அது. தயாராவதற்காக வரும் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ஜூமில் பேசுவோம்.

அதற்குள்:

1. நிகழ்ச்சி நிரலில் நாளுக்கு இரண்டு மூன்று அமர்வுகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் பல அறைகளில் நடக்கும். எல்லாவற்றுக்கும் ஓடினால் ஒன்றும் மனதில் நிற்காது.

2. உங்கள் ஆய்வை இரண்டே வாக்கியத்தில் சொல்லிப் பழகுங்கள். இதுதான் முக்கியம். காபி இடைவேளையில் "நன்கொடை பற்றி" என்று நிறுத்தினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "ஒருமுறை கொடுத்தவர் மறுமுறை ஏன் கொடுப்பதில்லை என்று பார்க்கிறேன்" என்றால் எதிரில் நிற்பவரே கேள்வி கேட்பார்.

3. கட்டுரை வாசிப்பவர்கள் கடிகாரம் வைத்து ஒத்திகை பாருங்கள்.

4. சாப்பாட்டு மேசையில் நாமே ஒன்றாக உட்கார வேண்டாம். புதியவர்களுடன் பேசத்தான் போகிறோம்.

சனிக்கிழமை வருபவர்கள் வியாழன் இரவுக்குள் பெயரையும் ஆய்வுத் தலைப்பையும் இங்கே பதிவிடவும். முன்பு போய் வந்தவர்களும் அவசியம் கலந்துகொள்ளுங்கள்.