சனிக்கிழமை தாமிரபரணி களப்பணி: கல் அளப்பது எப்படி

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை பாபநாசத்தில் தொடங்கி, சேரன்மகாதேவி, சீவலப்பேரி என்று ஆற்றின் போக்கிலேயே இறங்குகிறோம். கீழே போகப் போகக் கல் சிறுத்து முனை மழுங்குகிறதா என்பதுதான் நம் கேள்வி.

தயவுசெய்து கல்லைப் பார்த்து எடுக்காதீர்கள். பார்த்தால் கை தானாகவே பெரிய, வழவழப்பான கல்லுக்குத்தான் போகும். முகத்தைத் திருப்பிக்கொண்டு குனிந்து, கால் நுனியில் விரல் முதலில் தொடும் கல்லை எடுங்கள். ஓர் இடத்துக்கு 100 கல். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் வெர்னியர் காலிப்பரில் அளந்து மில்லிமீட்டரில் எழுதுங்கள். இந்த மூன்றில் பெரியதும் சிறியதும் போக, நடுவில் உள்ள அளவைத்தான் ஒப்பிடப்போகிறோம். உருண்மைக்கு, அதாவது முனை எவ்வளவு மழுங்கியிருக்கிறது என்பதற்கு, படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பவர்ஸ் அட்டையில் 6 வகை. அதை ஒரே ஆள் கடைசிவரை பார்ப்பது நல்லது, ஆள் மாறினால் கணிப்பும் மாறும்.

தடுப்பணையை ஒட்டி அளக்க வேண்டாம், வண்டல் அங்கே தேங்கிவிடும். சீவலப்பேரியில் சிற்றாறு என்ற துணையாறு தன் மணலையும் கொண்டுவந்து சேர்ப்பதால், அது கலப்பதற்கு முன்னும் பின்னும் தனித்தனியாக எடுக்க வேண்டும். வெறும் மணலாக இருந்தால் காலிப்பர் உதவாது, சல்லடையில் சலித்துத்தான் அளக்க வேண்டும்.

அப்புறம், மேலே அணை திறந்தால் தண்ணீர் மளமளவென்று ஏறும். முழங்கால் ஆழத்துக்கு மேல் யாரும் இறங்கக் கூடாது. வருபவர்கள் இன்றிரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள்.