சந்தையில் இன்னொரு கடை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமானக் கட்டணத்துக்கு அரசு நிரந்தர உச்சவரம்பு வைக்க வேண்டும் என்று சென்ற வாரம் உங்கள் பக்கத்தில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் நியாயம்தான். ஆனால் தோவாளைச் சந்தையில் இருபத்தெட்டு வருடமாகப் பூ விற்கிற எனக்கு அந்த வைத்தியத்தில் நம்பிக்கை இல்லை.

விமான சீட்டும் பிச்சிப்பூவும் ஒரே மாதிரிச் சரக்கு. ஆவரைகுளத்திலிருந்தும் பழவூரிலிருந்தும் வந்து இறங்கும் பிச்சி மொட்டு விரிவதற்குள் விற்றாக வேண்டும், விரிந்தால் குப்பைக்குத்தான். விமானத்திலும் கதவைச் சாத்திய பிறகு காலியாகக் கிடக்கும் சீட்டுக்குக் காலணா தேறாது. ஆகவே ஆள் வராத நாளில் அடிமாட்டு விலைக்குத் தள்ளுவதும் முகூர்த்த நாளில் ஏற்றுவதும் இரண்டு இடத்திலும் உண்டு. கிலோ 400 ரூபாய்க்குப் போன பிச்சியை ஆவணி முகூர்த்தத்தில் 1,500 ரூபாய்க்கு நானே விற்றிருக்கிறேன். அதில் கூச்சப்பட்டதில்லை. ஒரே ஒரு தடவை, சாவு வீட்டுக்கு மாலை கேட்டு வந்த ஒருவரிடம் கூசியது. அது வேறு கதை.

ஆனால் என் விலை பிடிக்காதவர் நாலு எட்டு வைத்தால் அடுத்த கடை. நான் 1,500 என்றால் எதிர்க்கடைக்காரர் 1,400 என்பார். அவர் சொல்வது என் காதிலும் விழும், வாங்க வந்தவர் காதிலும் விழும். அரசு எனக்கு வரம்பு வைக்க வேண்டியதே இல்லை, அவர் போதும்.

போன ஓணத்துக்குச் சென்னையிலிருந்து மகளும் பேரனும் வருவதாக இருந்தது. ரயிலில் இடமில்லை. திருவனந்தபுரத்துக்கு விமானம் பார்த்தாள். காலையில் 5,200 ரூபாய் காட்டியது, மருமகனிடம் கேட்டுவிட்டு மதியம் பார்த்தால் 8,900. "வேற கம்பெனி பாரு மக்ளே" என்றேன். "பாத்தாச்சு அப்பா, எல்லாம் ஒரே ரேட்டுதான்" என்றாள். கடைசியில் பஸ்ஸில் வந்தார்கள். பேரனுக்கு வழியெல்லாம் வாந்தி.

கடைகள் ஒவ்வொன்றாக மூடியதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். கேப்டன் கோபிநாத் 2003-ல் பறக்கவிட்ட ஏர் டெக்கான், விஜய் மல்லையா கைக்குப் போய்க் கிங்ஃபிஷரோடு கலந்தது. அந்தக் கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவுக்குள் கரைந்தது. இன்று உள்நாட்டில் பறக்கும் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் இண்டிகோவில் போகிறார்கள், மிச்சத்தில் பெரும்பங்கு டாடாவின் ஏர் இந்தியா குழுமத்துக்கு.

இண்டிகோ குறுக்கு வழியில் ஜெயித்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் தொழில் செய்த விதம் எந்த வியாபாரியும் மெச்சக்கூடியது. பெரும்பாலும் ஏர்பஸ் ஏ320 குடும்ப விமானங்களையே வைத்துக்கொண்டார்கள். உதிரிபாகமும் பயிற்சியும் ஒன்றே, விமானிகளை மாற்றி மாற்றி அனுப்பலாம். 2005-ல் 100 விமானம், 2023-ல் ஒரே வீச்சில் 500 என்று மொத்தமாக ஆர்டர் கொடுத்தார்கள். மொத்தமாக எடுப்பவனுக்கு விலை குறையும் என்பதை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். இறங்கிய விமானம் சீக்கிரம் மறுபடி ஏறினால்தான் காசு என்பதில் கறாராக இருந்தார்கள். செலவில் நூற்றுக்கு நாற்பது வரை எரிபொருளே தின்றுவிடுகிற தொழிலில், கிங்ஃபிஷர் மாதிரி கடன் வாங்கி விருந்து வைத்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

சரி, கெட்டிக்காரர் ஜெயித்தார். ஜெயித்தபின் நடந்ததைத்தான் 2025 டிசம்பரில் பார்த்தோம். விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தரும் விதி நவம்பரில் முழுமையாக அமலுக்கு வந்தது. அதற்கேற்ற ஆள்கணக்கு இல்லாமல் இண்டிகோ என்ற அந்த ஒரு நிறுவனம் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. விதியைத் தளர்த்திக்கொடுத்தது அரசு. நான் ஒரு நாள் கடை திறக்காவிட்டால் தோவாளையில் ஒரு மாலைகூடக் குறையாது.

அந்த நேரத்தில் கட்டணம் எகிறாமலிருக்க அரசு தற்காலிகமாக வைத்த வரம்பில் 500 கிலோமீட்டருக்கு மேல் 1,000 வரை உள்ள தூரத்துக்கு 12,000 ரூபாய். சென்னை–திருவனந்தபுரம் அதில்தான் வரும். என் மகள் கண்டு பயந்ததோ 8,900. அரசே 12,000 என்று எழுதி ஒட்டிவிட்டால் அதையே நியாய விலை என்பார்கள். வரம்பைத் தாழ்த்தினால் விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பிவிடுவார்கள். பூவும் விலை கிடைக்கிற சந்தைக்குத்தான் போகும்.

நம் மாவட்டத்தில் விமான நிலையம் வேண்டும் என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது. கட்டட்டும், சந்தோஷம். ஆனால் அதற்குள், வாகைக்குளத்தில் இருப்பதைப் பாருங்கள். தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுபாதை 1,350 மீட்டராக இருந்தவரை சிறிய ஏடிஆர் விமானம்தான் இறங்கும். இப்போது அது 3,000 மீட்டர், புது முனையமும் 2025 ஜூலையில் திறந்தாயிற்று. ஏ320 மாதிரி பெரிய விமானமும் தாராளமாக இறங்கலாம். தோவாளையிலிருந்து அதுவும் நூறு கிலோமீட்டருக்குள்தான். அங்கே இரண்டு மூன்று கம்பெனிகள் போட்டி போட்டு ஓட்டினால் திருவனந்தபுரத்து விலையும் தானாக இறங்கும்.

வர வைப்பது எப்படி? விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் இல்லை, அதன் விற்பனை வரி மாநில அரசின் கையில். நாட்டிலேயே அதிகமாக வாங்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. வாகைக்குளத்தில் புதிதாக வருகிற நிறுவனம் நிரப்பும் எரிபொருளுக்கு மட்டும் மூன்று வருடம் அதைக் குறைத்துக் கொடுக்கலாம். இன்று ஓடாத விமானத்தால் அரசுக்கு வரியும் இல்லையே, இழப்பு எங்கிருந்து வரும்? குமரி, நெல்லை, தூத்துக்குடி எம்எல்ஏக்கள் இதைச் சேர்ந்து கேட்க வேண்டும். புதுச் சந்தைக்கு ஆள் பிடிக்க எங்கள் ஊரில் முதல் வருடம் தரை வாடகையைத் தள்ளுபடி செய்வார்கள், அவ்வளவுதான் விஷயம்.

ஓசூர் லோடு வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள். இதோடு நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
பூ வியாபாரி ஒருவர்,
தோவாளை, கன்னியாகுமரி மாவட்டம்.