ராயபுரத்துக்குப் பெயர் தந்த கோயில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வடசென்னையைப் பற்றி வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். ராயபுரம் ரயில் நிலையத்துக்கு ஒரு பக்கம் முழுக்கக் கொடுத்திருந்தீர்கள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. சரி, எழுத வேண்டியதுதான். ஆனால் அந்த நிலையத்துக்கே பெயர் தந்த ராயப்பர் கோயிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் புனித பேதுருவை ராயப்பர் என்றும் பவுலைச் சின்னப்பர் என்றும்தான் சொல்வோம். இப்போது பைபிளிலும் பூசையிலும் பேதுரு, பவுல் என்று ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு ராயப்பன், சின்னப்பன் என்றால் தாத்தாக்களின் பெயர் என்ற அளவுக்குத்தான் தெரிகிறது. என் பேத்தியும் கட்டுரையைப் படித்துவிட்டு, "ராயபுரம்னு ஏன் பாட்டி பேர் வந்துச்சு?" என்று கேட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை அவளைக் கோயிலுக்கே கூட்டிக்கொண்டு போனேன்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு பின்வரிசையில் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னேன். இதைக் கட்டியவர்கள் படகுக்காரர்கள். அந்தக் காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து ஆட்களையும் மூட்டைகளையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை மசூலா படகுகள். பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கிப் போட்டால் பலகை வளைந்து கொடுக்குமே தவிரப் பிளக்காது. யாராவது தவறி விழுந்தால் தூக்கிவிடக் கூடவே கட்டுமரம் வரும். புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்த துரைமார்கள், சிப்பாய்கள், பாதிரியார்கள் எல்லோருமே இந்தப் படகுக்காரர்களின் கையை நம்பித்தான் கரை இறங்கினார்கள்.

அப்படி உழைத்தவர்கள், கலிலேயாக் கடலில் வலை வீசிய மீனவரான ராயப்பரையே தங்கள் பாதுகாவலராக வைத்துக் கோயில் எழுப்பியதில் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! துறைமுகம் வந்ததும் அந்தத் தொழில் போய்விட்டது. 1881 புயல் புதிதாகக் கட்டிய துறைமுகத்தையே உடைத்துப் போட்ட கதையைச் சொன்னபோது பேத்தி, "தைச்ச படகு உடையலையே பாட்டி" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கோட்டைக்குள் இருக்கும் 1680-ஆம் வருடத்து மேரி தேவாலயத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ராபர்ட் கிளைவ் அங்கே கல்யாணம் செய்துகொண்டதை எங்கும் படிக்கலாம். ராயப்பர் கோயிலைக் கட்டியவர்களில் ஒருவர் பெயர்கூட நம் பத்திரிகைகளில் வந்து நான் பார்த்ததில்லை. அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இன்னும் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பிக் கேட்டு எழுதுங்கள். ஜூன் 29 ராயப்பர், சின்னப்பர் திருநாள். அதற்கு முந்தின இதழில் வந்தால் எங்களுக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கும். ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்தால் பெரியவர்களைப் பிடிக்கலாம். வெயில் ஏறிவிட்டால் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை